‘கவர்ச்சி உடை’ அல்ல, கல்லாப்பெட்டி உடை!

நெய்வேலி

கதையிலும் சினிமாவிலும் வரும் பெண்ணுக்கு ஒருவிதமான உடையை மாட்டுகிறார்கள். மேலே இரண்டு சாண் துணி, கீழே மூன்று சாண் துணி. இல்லையென்றால் முழுச் சேலையைக் கட்டிவிட்டு அதன்மேல் குழாய்த் தண்ணீரை மழையாகக் கொட்டுகிறார்கள். அந்த உடைக்குக் ‘கவர்ச்சி உடை’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் சூட்டியவர்கள் யார்? துணியை நெய்தவர்களா? தைத்தவர்களா? உடுத்திக்கொண்டு நின்றவர்களா? இல்லை. அதை விற்றவர்கள்!

விற்கிறவன் தன் சரக்குக்கு அழகான பெயர் வைப்பது புதிதல்ல. ஆட்குறைப்புக்கு ‘சீரமைப்பு’ என்று பெயர் வைப்பார்கள். வேலைப் பளுவைக் கூட்டுவதற்கு ‘உற்பத்தித் திறன்’ என்று பெயர் வைப்பார்கள். அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் இந்த உடைக்கும் ‘கவர்ச்சி’ என்று பெயர் வைத்தார்கள். ஆகவே, மற்ற பெயர்களை நாம் உரித்துப் பார்ப்பது போல இந்தப் பெயரையும் உரித்துப் பார்க்க வேண்டும்.

“கூலிப் பிரச்னை தலைக்கு மேல் இருக்கிறது, துணிப் பிரச்னை நமக்கு எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கலாம். துணிப் பிரச்னையும் கூலிப் பிரச்னைதான். நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலிருந்து நிரந்தரத் தொழிலாளி வேலைக்குப் போகிறார். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளி வருகிறார். குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்கிறார்கள். பண்ருட்டிப் பக்கம் பெண்கள் முந்திரிக்கொட்டை உடைக்கிறார்கள். அந்தத் தோட்டு எண்ணெய் அவர்கள் கையை அரிக்கிறது. இத்தனை பேரும் மாலையில் பார்ப்பது ஒரே சினிமா. திரையில் வரும் பெண்ணை எந்தக் கண்ணால் பார்க்கப் பழகுகிறோமோ, அதே கண்ணால்தான் மறுநாள் காலையில் பக்கத்தில் துடைப்பம் பிடித்து நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்ணையும் பார்ப்போம். அதனால்தான் இது நம் பிரச்னை.

மூன்று பெயர்கள்

முதலில் ‘கவர்ச்சி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கவர்தல் என்றால் என்ன? பிறர் பொருளைப் பற்றிக்கொண்டு போவது. பகைவன் நாட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போவதைப் பழந்தமிழில் ‘ஆநிரை கவர்தல்’ என்றார்கள். அப்படியானால் இங்கே கவர்கிறவன் யார்? கவரப்படுவது எது? திரையில் நிற்கும் அந்தப் பெண் நம்மைக் கவர்கிறாள் என்று சொல்கிறார்கள். படம் முடிந்தபின் டிக்கெட் பணம் யார் பெட்டிக்குப் போயிற்று என்று பாருங்கள். பார்த்தவனின் மடியில் இருந்த காசும் போயிற்று. ஆடியவளின் உடலழகும் போயிற்று. இரண்டையும் கவர்ந்துகொண்டு போனவன் திரையிலேயே இல்லை. சொல் பொய் சொல்லவில்லை, தோழர்களே! அதைச் சொன்னவன்தான் ஆளை மாற்றிச் சொன்னான்.

இரண்டாவது பெயர் வெளிநாட்டிலிருந்து வந்தது. பிகினி! இந்தப் பெயர் எங்கிருந்து பிறந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பசிபிக் கடலில் மார்ஷல் தீவுக்கூட்டத்தில் பிகினி என்று ஒரு பவளத் தீவு இருக்கிறது. 1946 மார்ச்சில் அங்கே வாழ்ந்த 167 பேரையும் அமெரிக்கக் கடற்படை கப்பலில் ஏற்றி வேறு தீவுக்குக் கொண்டுபோய் இறக்கியது. அணுகுண்டுச் சோதனைக்கு இடம் வேண்டுமாம்! ஜூலை 1ஆம் தேதி அங்கே குண்டு வெடித்தது. நான்கே நாள் கழித்து, ஜூலை 5ஆம் தேதி, பாரிஸ் நகரத்து நீச்சல் குளம் ஒன்றில் லூயி ரேயார் என்பவர் ஒரு புதிய நீச்சலுடையைக் காட்சிக்கு வைத்தார். வழக்கமாக உடை காட்டும் பெண்கள் அதைப் போட மறுத்துவிட்டார்கள். ஆகவே கேளிக்கை அரங்கில் ஆடி வயிறு வளர்த்த ஒரு நடனக்காரியைக் கூலிக்கு அமர்த்தினார். குண்டின் பரபரப்பைத் தன் விளம்பரமாக்கிக்கொண்டு, அந்த உடைக்குத் தீவின் பெயரையே வைத்தார்.

ஊரைப் பறிகொடுத்தவர்கள் அந்த 167 பேர். உடையைப் போட்டுக்கொண்டு நின்றவள் மறுக்க வழியில்லாத ஒரு கூலிக்காரி. பெயரையும் லாபத்தையும் எடுத்துக்கொண்டவர் கடைக்காரர். 1958 வரை அந்தத் தீவில் 23 அணுகுண்டுச் சோதனைகள் நடந்தன. தீவு மக்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். உலகத்துக்கோ பிகினி என்றால் இரண்டு துண்டுத் துணி!

இதை நெய்வேலியில் இருப்பவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1957 மே 20ஆம் தேதி முதல் சுரங்கப் பணி தொடங்கிய நாளிலிருந்து, நிலக்கரி கிடக்கும் நிலத்தை விட்டு எழுந்து போன கிராமங்களின் கதை இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிரின் மேலேயே மண் தோண்டும் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. ஒருவனுடைய ஊரின் பெயரை எடுத்து உள்ளாடைக்கு வைத்தால் அவனுக்கு எப்படி இருக்கும்? அதை மண்ணை இழந்தவன்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது பெயர் நம் சினிமாவில் பிறந்தது. ஆந்திரத்தில் ஏலூரு வட்டாரத்து ஏழைக் குடும்பத்தில் விஜயலட்சுமி என்று ஒரு பெண் பிறந்தாள். நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, நடிகைகளுக்கு ஒப்பனை திருத்தும் வேலை பார்த்தாள். 1980இல் ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் சாராயக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணாக ஒரு வேஷம் கிடைத்தது. அந்தப் பாத்திரத்தின் பெயர் சில்க். படம் ஓடியது, பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பின் அவர் சாகும்வரை சில்க் ஸ்மிதாதான்.

யோசித்துப் பாருங்கள். நெசவாளி கையில் பட்டு ஒரு துணி. வியாபாரி கையில் பட்டு ஒரு சரக்கு. ஸ்டூடியோவில் ஒரு மனுஷியே பட்டாக, துணியாக, சரக்காக ஆக்கப்பட்டாள்! அவர் ஆடிய ஒரு பாட்டு இருந்தால்தான் படத்தை வாங்குவோம் என்று விநியோகஸ்தர்கள் நிபந்தனை போட்ட காலம் இருந்தது. அவர் நல்ல நடிப்பைக் கொடுத்த படங்களும் உண்டு. அவற்றை நினைவில் வைக்க வியாபாரிக்கு அவசியமில்லை. 1996 செப்டம்பர் 23ஆம் தேதி அவர் சென்னையில் தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 35. வியாபாரம் அதோடு நின்றதா? 2011இல் அவர் வாழ்க்கையைத் தழுவி இந்தியில் படம் எடுத்தார்கள். 2023இல் ‘மார்க் ஆண்டனி’யில் அவர் உருவத்தை மறுபடியும் திரைக்குக் கொண்டுவந்தார்கள். செத்த பின்னும் ஓய்வு கொடுக்காத முதலாளியை எந்தச் சுரங்கத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

கச்சையும் கல்வெட்டும்

சினிமா மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 1950, 60களில் வாரப் பத்திரிகைகளில் சரித்திரத் தொடர்கதைகள் பெருகின. அவற்றில் நல்லதும் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்து, எழுத்துக் கூட்டிப் படிப்பவனையும் சோழ நாட்டுச் சரித்திரத்தின் பக்கம் திருப்பியது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பின்னால் பெருகிய கதைகளில் பலவற்றுக்கு ஒரு சூத்திரம் உண்டு. போர் ஒரு பக்கம் என்றால், ராஜகுமாரியின் இடையும் கச்சையும் மூன்று பக்கம். அதற்குத் தக்க படம் ஒரு பக்கம். சாண்டில்யனின் ‘யவன ராணி’யும் ‘கடல் புறா’வும் குமுதத்தில் தொடராக வந்தபோது, யவனக் கப்பலைவிட யவனப் பெண்ணின் வருணனைக்காகவே காத்திருந்த வாசகர் கூட்டம் ஒன்று இருந்தது என்பது ஊரறிந்த விஷயம். ‘கச்சை’ என்ற சொல் இப்படித்தான் கதைக்குள் ஒரு வியாபாரச் சின்னமாயிற்று. ஜூலை மாதத்தில் நெய்வேலியில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் அட்டைப் படங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். சின்னம் இன்னும் அழியவில்லை என்பது விளங்கும்.

கதாசிரியர்கள் எழுதிய சோழர் காலத்துப் பெண்களைச் சோழர் காலமே எப்படி எழுதி வைத்தது தெரியுமா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. அவள் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, என்றெல்லாம் அதில் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அந்த ஏற்பாட்டை நாம் புகழவில்லை. அது ராஜாவின் ஏற்பாடு. அந்தப் பெண்களைக் கேட்டுச் செய்ததல்ல. ஆனாலும் ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ராஜாவின் கல், அவளுடைய பெயரையும் வீட்டையும் நெல்லையும் எழுதிற்று. ஜனநாயக காலத்துப் பத்திரிகை முதலாளியின் காகிதம் அவளுடைய இடையையும் கச்சையையும் எழுதிற்று. எது முன்னேற்றம்?

வயலில் ஒரு உடை, திரையில் ஒரு உடை

இப்போது விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு ஒரு கேள்வி. நாற்று நடும் பெண் எப்படி உடுத்துகிறாள்? சேறு படாமல் சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொள்கிறாள். வெயிலுக்கும் வைக்கோல் சுணைக்கும் பயந்து, புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொள்கிறாள். தலையில் ஒரு துண்டு. நூறு நாள் வேலைக்குப் போனாலும் இதே சட்டை, இதே துண்டு.

சினிமாவில் நாற்று நடும் கதாநாயகி எப்படி வருகிறாள்? சேலையை முழங்காலுக்கு ஏற்றியதை மட்டும் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சட்டை எங்கே? அதைக் கழற்றிவிட்டார்கள்! தலைத்துண்டு எங்கே? அதையும் எடுத்துவிட்டார்கள். ரவிக்கை பாதியாயிற்று. கையில் நாற்று முடி இருக்கிறது, நகத்தில் சேறில்லை. குனிந்தால் இடுப்பு வலிக்கும் என்பது காமிராவுக்குத் தெரியாது. குனிந்தால் என்ன தெரியும் என்பது மட்டும் தெரியும். இதற்குக் ‘கிராமிய உடை’ என்று பெயர்! எந்தக் கிராமம்? எந்த நடவு? எந்தக் கூலி?

இன்னொரு வேடிக்கை பாருங்கள். பாட்டுக்காகப் பனிமலைக்குப் போகிறார்கள். கதாநாயகனுக்குத் தோல் கோட்டு, கழுத்துத் துணி, கையுறை, பூட்ஸ். பக்கத்தில் கதாநாயகிக்குக் கை வைக்காத ரவிக்கையும் காற்றில் பறக்கும் மெல்லிய சேலையும்! ஒரே பனி, ஒரே காற்று. ஒரு உடம்புக்குக் குளிர் உண்டு, இன்னொரு உடம்புக்குக் குளிர் கிடையாதா? சுரங்கத்தில் ஒருவனுக்குத் தலைக்கவசமும் பூட்ஸும் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவனை வெறுங்காலோடு இறங்கு என்று சொன்னால் நாம் சும்மா இருப்போமா?

இலக்கணம்

ஆகவே நாம் ஒரு பெயரைச் சூட்டுகிறோம்: கல்லாப்பெட்டி உடை. அதற்கு இலக்கணமும் சொல்கிறோம்.

கதையில் வரும் பெண்ணின் வேலைக்கோ, வாழ்க்கைக்கோ, வெயில் மழைக்கோ, மனநிலைக்கோ சம்பந்தமில்லாமல், பார்ப்பவனின் காசைக் கணக்கிட்டு, உடுத்துபவளுக்கு மறுக்க வழி வைக்காமல், முதலாளி அளந்து வெட்டிய உடை எதுவோ, அதுவே கல்லாப்பெட்டி உடை.

இதைக் கண்டுபிடிக்க மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: இது வேலைக்கான உடையா, விற்பனைக்கான உடையா? வயலில் ஏற்றிச் செருகிய சேலை வேலைக்கானது. அதில் ஆபாசம் ஒன்றுமில்லை. அதையே மழையில் நனைத்துச் சுவரொட்டியில் ஒட்டும்போது விற்பனை தொடங்குகிறது.

இரண்டு: கதைக்கு இது வேண்டுமா? 1979இல் வந்த ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’யை நினைத்துப் பாருங்கள். ரவிக்கை போடும் வழக்கமில்லாத ஊருக்குள் ரவிக்கை போட்ட பெண் மனைவியாக வந்து சேருவதுதான் அந்தக் கதையின் ஆணிவேர். அங்கே துணி கதை பேசுகிறது. துணி கதை பேசினால் நாம் கேட்கத் தயார். துணி காசு பேசினால்தான் சண்டை.

மூன்று: உடுத்துபவள் ‘மாட்டேன்’ என்று சொன்னால் என்ன நடக்கும்? மறுநாளும் அவளுக்கு வேலை உண்டா? இந்த மூன்றாவது கேள்விதான் மூன்றிலும் பெரியது.

எத்தனை அங்குலம் தெரிகிறது என்று நாடா வைத்து அளப்பது நம் வேலையல்ல. நாடாவை யார் கையில் பிடித்திருக்கிறான் என்று பார்ப்பதே நம் வேலை.

திறந்து போடச் சொன்ன சாட்டை, மூடிப் போடச் சொல்லும் சாட்டை

இந்த இடத்தில் வேறு ஒரு கூட்டம் நம் பக்கம் வந்து உட்காரப் பார்க்கும். “சரியாகச் சொன்னீர்கள்! பெண்கள் அடக்கமாக உடுத்த வேண்டும்; கலாசாரம் கெட்டுவிட்டது” என்று தலையாட்டும். அவர்களுக்கு நம் பக்கத்தில் இடமில்லை.

கலாசாரம் என்கிறீர்களே, அந்தக் கலாசாரத்தின் கணக்குப் புத்தகத்தைத் திறப்போமா? தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை போட்டதற்காகச் சந்தையிலும் தெருவிலும் துணியைக் கிழித்தார்கள். 1822இல் வெடித்த போராட்டம் பல கட்டங்களாக நடந்து, 1859 ஜூலை 26ஆம் தேதி மகாராஜாவின் பிரகடனம் வந்த பிறகுதான் மேலுடை போடும் உரிமை கிடைத்தது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு!

அது பழைய கதை என்பீர்கள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் என்ற அதிகாரி தன் புத்தகத்தில் அதைப் பதிந்து வைத்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. நகை கூடாது. கட்டளையை மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள்.

கீழத் தஞ்சையில் 1940களில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியபோது, கூலி நெல்லோடு சேர்ந்து வேட்டியையும் துண்டையும் ரவிக்கையையும்தான் வென்றார்கள். பண்ணையார் முன் இடுப்பில் கட்டிய துண்டைத் தோளில் போட்டதே ஒரு போராட்டம்தான்!

ஆகவே நம் பாட்டிமார்கள் ரவிக்கைக்காக அடிபட்டவர்கள். மிராசுதாரின் சாட்டை “மறைக்காதே” என்று சொல்லிற்று. படமுதலாளியின் பணப்பை “மறைக்காதே, காசு தருகிறேன்” என்று சொல்கிறது. முன்னது சாட்டை என்று எல்லோருக்கும் தெரிந்தது. பின்னதற்குக் ‘கவர்ச்சி’ என்று பெயர் வைத்ததால் சாட்டை தெரியவில்லை.

மூடச் சொல்கிறவர்களின் யோக்கியதை என்ன? 2012இல் நம் வட மாவட்டங்களில் சாதி மேடைகளில் என்ன பேசினார்கள்? தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்றார்கள். அதே ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்தன. ஒருவன் முழுக்கால் சட்டை போட்டாலும் குற்றம். அவனுடைய பாட்டி ரவிக்கை போட்டாலும் குற்றம். திறந்தாலும் குற்றம், மூடினாலும் குற்றம் என்றால், குற்றம் துணியில் இல்லை. இன்னார் இன்னபடி உடுத்த வேண்டும் என்று உத்தரவு போடும் அதிகாரம் தன் கையை விட்டுப் போகக்கூடாது என்பதே அவர்கள் கவலை. அந்த அதிகாரம் பண்ணையிடம் இருந்தாலும் ஸ்டூடியோவிடம் இருந்தாலும் சாதி மேடையிடம் இருந்தாலும் நாம் எதிர்ப்போம்.

“மக்கள் கேட்கிறார்கள்!”

படமுதலாளிகளின் பதில் நமக்குத் தெரியும். “மக்கள் கேட்கிறார்கள், நாங்கள் கொடுக்கிறோம்.” அடடா, எப்பேர்ப்பட்ட வள்ளல்கள்! மக்கள் கேட்டதையெல்லாம் கொடுப்பவர்களா இவர்கள்? தொழிலாளி எட்டு மணி நேர வேலை கேட்டான், எளிதில் கொடுத்தார்களா? விவசாயத் தொழிலாளி கூலி உயர்வு கேட்டான், அள்ளிக் கொடுத்தார்களா? அரைச் சம்பளத்துக்கு ஆடும் துணை நடிகைகள் குறித்த நேரத்தில் சம்பளம் கேட்டார்கள், கொடுத்தார்களா? நாம் வாய் திறந்து கேட்டது எதையும் கொடுக்காதவர்கள், நாம் கேட்காத ஒன்றை மட்டும் ஓடி ஓடிக் கொடுக்கிறார்கள் என்றால், அதில் யாருக்கு லாபம் என்று குழந்தைக்கும் விளங்கும்.

மக்கள் நல்ல படத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பதும் கட்டுக்கதை. தமிழ் சினிமாவின் வரலாற்றில் கதை சொல்லி ஓடிய படங்களை எண்ணினால் விரல் போதாது. 1960இல் நிமாய் கோஷ் இயக்கி எம்.பி. சீனிவாசன் இசையமைத்த ‘பாதை தெரியுது பார்’ தொழிலாளிகளின் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதில் வந்த பெண்கள் உடுத்தியிருந்தது நம் வீட்டுச் சேலை.

அடுத்த பதில்: “அவளே சம்மதித்துத்தானே நடிக்கிறாள்?” இந்த வாதம் நமக்குப் பழக்கமானது. ஒப்பந்தத் தொழிலாளியும் சம்மதித்துத்தானே கையெழுத்துப் போடுகிறான்! வாசலில் இன்னும் நூறு பேர் நிற்கும்போது போடும் கையெழுத்துக்குப் பெயர் சம்மதமா?

கேரள சர்க்கார் 2017இல் நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு கமிட்டி அமைத்தது. மலையாள சினிமாவில் வேலை செய்யும் பெண்களின் நிலைமையை விசாரித்து 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். அறிக்கை அலமாரியில் தூங்கி, 2024 ஆகஸ்ட் 19ஆம் தேதிதான் வெளியே வந்தது. அதில் என்ன இருக்கிறது? பல பெண்களுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமே இல்லை. முதலில் சொன்னதற்கு மேல் உடலைக் காட்டும்படி நெருக்கப்பட்ட நடிகையின் சாட்சியம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட ஒன்றைக் கேளுங்கள்: படப்பிடிப்புத் தலங்களில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற அறை இல்லை! வெளிப்புறப் படப்பிடிப்பில் மர மறைவிலும் புதர் மறைவிலும், யாராவது பிடித்த துணி மறைவிலும் பெண்கள் உடை மாற்ற வேண்டியிருந்தது.

இதுதான் ‘கவர்ச்சி’யின் உள்பக்கம், தோழர்களே! கோடி ரூபாய் போட்டுக் காட்சி ஜோடிப்பவன், அந்த உடையை உடுத்துபவள் உடுத்திக்கொள்ள நான்கு சுவர் கட்டித் தரமாட்டான். உடை மாற்ற அறை இல்லாத தொழிலில் ‘சம்மதம்’ என்ற சொல்லை எந்த முகத்தோடு உச்சரிக்கிறார்கள்?

கத்தரிக்கோல் எங்கே வெட்டுகிறது?

“சென்ஸார் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்” என்று சிலர் நம்புகிறார்கள். 1952 சட்டத்தின் கீழ் தணிக்கை நடக்கிறது. அந்தக் கத்தரிக்கோல் எதை வெட்டும் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. எழுத்தாளரும் இயக்குநருமான கே.ஏ. அப்பாஸ் 1968இல் நான்கு நகரங்களின் கதையை ஒரு குறும்படமாக எடுத்தார். கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி நான்கிலும் மாளிகையையும் குடிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பம்பாயில் வறுமையால் உடலை விற்கும் பெண்களின் தெருவும் அதில் வந்தது. அந்தக் காட்சிகளை வெட்டச் சொன்னார்கள். அப்பாஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே வெட்டில்லாமல் சான்றிதழ் தர சர்க்கார் ஒத்துக்கொண்டது. ஆனாலும் 1970 தீர்ப்பு முன்தணிக்கை முறையே செல்லும் என்று சொல்லிவிட்டது.

பெண்ணின் உடலை விற்கும் படத்துக்குக் கதவு திறந்திருக்கிறது. பெண்ணின் உடல் ஏன் விற்கப்படுகிறது என்று கேட்ட படத்துக்குக் கதவு மூடியிருந்தது. ஆகவே இன்னும் பெரிய கத்தரிக்கோல் வேண்டும் என்று நாம் கேட்கப் போவதில்லை. அது முதலில் நம் நாக்கைத்தான் வெட்டும்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, பெயரை மாற்றுவோம். ‘கவர்ச்சி நடிகை’ என்று எந்தப் பெண்ணையும் சொல்ல வேண்டாம். அவள் நடிப்புத் தொழிலாளி. உடைக்குத்தான் பெயர் வேண்டும். அந்தப் பெயர் கல்லாப்பெட்டி உடை. சங்க அலுவலகத்திலும் படிப்பகத்திலும் தேநீர்க்கடையிலும் அப்படியே சொல்லுவோம். பெயர் மாறினால் கேள்வி மாறும், “அவள் ஏன் இப்படி உடுத்தினாள்?” என்பது போய், “இதில் யார் காசு பார்த்தான்?” என்பது வரும்.

இரண்டாவது, சினிமாவில் வேலை செய்யும் பெண்களுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம், உடை மாற்ற அறை, கழிப்பறை, மறுக்கும் உரிமை, இவற்றை அவர்களுடைய சங்கங்கள் கேட்கும்போது நாமும் பக்கத்தில் நிற்போம். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்களின் சம்மேளனத்தைக் கட்டியவர்களில் நிமாய் கோஷும் எம்.பி. சீனிவாசனும் முன்னணியில் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, நம் வேலைத்தலத்தைப் பார்ப்போம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்ணும் அதில் அடக்கம். ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் பெண்களுக்கு அந்தக் குழுவின் பெயர்ப் பட்டியல் தெரியுமா? உடை மாற்ற அறை உண்டா? ஆலையிலும் முந்திரிக் கூடத்திலும் சுரங்க வாசலிலும் இந்தக் கேள்வியைச் சங்கம் எழுப்ப வேண்டும்.

நான்காவது, வாலிபத் தோழர்களுக்கு நேராகச் சொல்கிறோம். திரையைப் பார்த்து விசில் அடிக்கும்போது, திரையில் நிற்பவளும் உங்களைப் போலக் கூலிக்கு நிற்பவள்தான் என்பதை நினைவில் வையுங்கள். படமுதலாளி உங்கள் விசிலையும் எண்ணித்தான் அடுத்த படத்தின் துணியை வெட்டுகிறான்.

துணியை நெய்வது நாம், தைப்பது நாம், துவைப்பது நாம். எதை, எப்போது, எவ்வளவு உடுத்துவது என்று உத்தரவு போடும் உரிமையை மிராசுதாரிடமிருந்து நம் பாட்டிமார்கள் பறித்தார்கள். அதைக் கல்லாப்பெட்டியிடம் ஒப்படைக்க நாம் தயாரில்லை!